சப்பாத்துப் பெட்டிக்குள் ஒரு பார்வோன்

தங்கநிறப் பெயின்ற்றின் வாசம் மூக்கில் ஏறும்போது முதலில் இனிப்பதுபோல் இருக்கும். கொஞ்ச நேரத்தில் தொண்டையின் அடியில் கசக்கத் தொடங்கும். மெல்பேர்னின் புறநகரான டண்டினொங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடிவீட்டின் சமையல் ‘குசினி’ முழுவதும், எனக்குப் பன்னிரண்டு வயதான அந்தக் குளிர்காலத்தில், இந்த வாசம்தான் நிறைந்திருந்தது. யன்னலைத் திறந்தால் குளிர் எலும்புவரை வந்தது, பூட்டினால் தலையிடித்தது. அப்பா சோற்றுக் கோப்பையைக் கையில் தூக்கிக்கொண்டு மற்ற அறைக்குப் போய்விடுவார், ஏனென்றால் எங்களுடைய ஒரேயொரு சாப்பாட்டு மேசையில் எகிப்தின் அரசன் துட்டன்காமுனின் கல்லறை காய்ந்துகொண்டிருந்தது. அப்பாவின் வேலைச் சப்பாத்து வந்த பெட்டியில் நான் செய்த கல்லறை அது. நடுவில் கடதாசி மட்டையால் சுவர் வைத்து நான்கு அறைகள் பிரித்து, தீப்பெட்டியில் சவப்பெட்டி செய்து, அதற்குள் பஞ்சும் பன்டேஜும் சுற்றிய விரல் நீள அரசனைக் கிடத்தியிருந்தேன். “செத்தவனுக்கு ஏன் பிள்ளை இவ்வளவு மினுக்கம்?” என்று அப்பா கேட்டது நினைவிருக்கிறது. அது அவர் அந்த மாதத்தில் சிரித்துக்கொண்டு கேட்ட ஒரே கேள்வியாகவும் இருக்கலாம்.

அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஊரைவிட்டு எங்களோடு வெளிக்கிட்ட அம்மாவும் தம்பியும் திருச்சியில் ஒரு தெரிந்தவர் வீட்டின் பின்னறையில் இருந்தார்கள். நாங்கள் நால்வரும் ஒன்றாக வராததற்குக் காரணம் எளிமையானது: எங்களை வெளிநாட்டுக்கு அனுப்பிய ‘ஏஜென்சிக்காரர்’ கொண்டுவந்து தந்த பாஸ்போட்டுகள் வேறொரு தகப்பனுக்கும் அவருடைய மகளுக்கும் உரியவை. அந்த மகளின் உயரமும் என்னுடைய உயரமும் ஒன்றாக இருந்தன. அப்போது எனக்கு எட்டு வயது, என் பெயர் கௌசல்யா. பாஸ்போட்டில் இருந்த பிள்ளையின் பெயர் டிலானி. மூன்று கிழமை ஒரு விடுதி அறையில் வைத்து அப்பா எனக்கு அந்தப் பெயரைப் பழக்கினார். சாப்பிடும்போது, சீப்பால் தலை இழுக்கும்போது, படம் கீறும்போது, எந்த முன்னறிவிப்புமில்லாமல், “உன்ரை பேர் என்ன?” என்று கேட்பார். வாய் தவறிக் கௌசல்யா என்று சொன்னால் அடிக்கமாட்டார், ஏசமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் இருந்துவிட்டு, முதலில் கேட்ட அதே குரலில் மறுபடியும் கேட்பார். அந்தக் கண் மூடலுக்காகவே நான் டிலானி ஆனேன்.

மெல்பேர்னில் விமானம் இறங்கியதும் எங்களை ஓர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். தொலைபேசியில் ஒரு தமிழ்க் குரல் மொழிபெயர்க்க, அப்பா மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களிடம் நெடுநேரம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் இரண்டு ‘கதிரை’களைச் சேர்த்துப் படுத்து அயர்ந்துபோனேன். எழும்பியபோது சீருடை போட்ட ஒரு பெண் என்னைக் கௌசல்யா என்று கூப்பிட்டுத் தோடம்பழச் சாறு தந்தார். அப்பா என் காதருகே குனிந்து, “அந்த மற்றப் பேரை இனி மறந்திடு. ஆர் கேட்டாலும் வாயிலை வரக்கூடாது” என்றார். அவர் அதை அன்றைய களைப்பில் ஒரு ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். நான் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டேன். என்னுடைய உண்மைப் பெயர் இவர்களுக்குத் தெரியும். ஆனால் வேறொரு பெயரில் வந்தோம் என்பது தெரியாது. தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எட்டு வயதில் நான் கட்டிய கணக்கு இது. யாரும் பிழை என்று சொல்லாததால் பன்னிரண்டு வயதிலும் அது அப்படியே நின்றது.

இடையில் சில மாதம் பூட்டிய இடமொன்றில் வைத்திருந்தார்கள், பிறகு டண்டினொங். அப்பாவுக்கு ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கும் வேலை. அகதி விண்ணப்பம் ஒருமுறை மறுக்கப்பட்டு, மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய், அங்கே விசாரணைத் திகதிக்காகக் காத்துக்கிடந்தது. உதவி செய்துகொண்டிருந்த சட்டத்தரணி வேறு வேலைக்குப் போய்விட்டபடியால் கடிதம் எதுவானாலும் நேரே வீட்டுக்குத்தான் வரும். அப்பா வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றமுதல் கேட்கிற கேள்வி “கடிதம் ஏதும் வந்ததோ?” என்பதாகவே இருந்தது. மற்றபடி அவருடைய வாயிலிருந்து வருவதெல்லாம் எச்சரிக்கைகள்: “பள்ளிக்கூடத்திலை வீட்டுக் கதை கதைக்கப்படாது”, “இந்த நாட்டிலை எல்லாத்தையும் எழுதி வைப்பினம்”, “கேட்ட கேள்விக்கு மட்டும் மறுமொழி சொல்லு.” நான் கேட்ட கேள்விக்கு மட்டும் மறுமொழி சொல்லும் பிள்ளையாகவே வளர்ந்தேன், ஏழாம் வகுப்பில் மிஸ் ஹார்ப்பர் எகிப்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கும்வரை.

மிஸ் ஹார்ப்பர் இளம் ஆசிரியை. கைகளில் எப்போதும் வெண்பலகைப் பேனாவின் மை ஒட்டியிருக்கும். மூவாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் செத்தவர்களைப் பற்றி, அவர்கள் போன கிழமை பக்கத்துத் தெருவிலிருந்து வீடு மாறிப் போனவர்கள்போலக் கதைப்பார். பார்வோன்களின் பெயர்களைக் கல்லில் வெட்டும்போது அதைச் சுற்றி ஒரு முட்டை வடிவ வளையம் போடுவார்கள் என்றும், அந்த வளையம் பெயரைக் காப்பாற்றும் என்று நம்பினார்கள் என்றும் சொன்னார். ஒருவனை உண்மையாகவே இல்லாமல் ஆக்கவேண்டுமானால் அவனைக் கொன்றால் போதாது, கல்லிலிருந்து அவன் பெயரையும் உளியால் கொத்தி எடுக்கவேண்டும்; பெயர் போனால் மறுவுலகத்திலும் அவனுக்கு இடமில்லை. வகுப்பில் ஆளுக்கொரு பார்வோன் தரப்பட்டது. எனக்குத் துட்டன்காமுன்.

அவனைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குள் ஏதோ அசைந்தது. அவனுக்கு முன் ஆண்ட அக்கநாத்தன் என்ற பார்வோன், பழைய தெய்வங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஆத்தன் என்ற சூரியவட்டத்தை மட்டும் வணங்கவேண்டும் என்று சொல்லி, தன்னுடைய பெயரையும் அதற்கேற்ப மாற்றி, பாலைவனத்தில் ஒரு புதுத் தலைநகரையே கட்டியவன். அவனுடைய அரண்மனையில் பிறந்த பையனுக்கு இட்ட பெயர் துட்டன்காத்தன், ஆத்தனின் உயிருள்ள உருவம். அக்கநாத்தன் இறந்து, பையன் எட்டோ ஒன்பதோ வயதில் சிம்மாசனம் ஏறியபோது, நாட்டை உண்மையில் நடத்திய பெரியவர்கள் பழைய தெய்வங்களுக்குத் திரும்பினார்கள். பையனின் பெயரிலிருந்து ஆத்தனை எடுத்துவிட்டு அமுனை வைத்தார்கள். அப்படித்தான் அவன் துட்டன்காமுன் ஆனான். அவனுக்குப் பின் வந்தவர்கள் அந்தக் குடும்பத்தையே அரசர் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஆனாலும் அவனுடைய பொற்சிம்மாசனத்தில் இரண்டு பெயரும் இன்றைக்கும் இருக்கின்றன. பழையதை முழுதாக அழிக்க யாரோ மறந்துபோயிருக்கிறார்கள்.

“எட்டு வயதுப் பிள்ளைக்குத் தன் பெயரை மாற்றும்போது எப்படி இருந்திருக்கும்?” என்று மிஸ் ஹார்ப்பர் வகுப்பைப் பார்த்துக் கேட்டார். கை உயர்ந்தது. அது என்னுடைய கை என்பது எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

“முதலில் அடிக்கடி பிழைவிடுவான்,” என்றேன் ஆங்கிலத்தில். “பிறகு பழையதைச் சொல்லப் பயப்படுவான். எனக்கும் இந்த நாட்டுக்கு வரும்போது வேறு பெயர் இருந்தது.”

மிஸ் ஹார்ப்பரின் முகம் மலர்ந்தது. இந்த வருடம் முழுவதும் வாய்திறக்காத பிள்ளை பேசிவிட்டாளே என்ற சந்தோஷம் அது என்று இப்போது புரிகிறது. “உண்மையாகவா? என்ன பெயர்?” என்றார். கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லிப் பழகிய வாய் சொல்லிவிட்டது. அவர் உடனே பலகைக்குத் திரும்பி, பெரிய முட்டை வடிவ வளையம் ஒன்று கீறி, அதற்குள் கௌசல்யா என்றும் அதன் கீழ் டிலானி என்றும் எழுதினார். “எங்கள் வகுப்பிலேயே ஒரு துட்டன்காமுன் இருக்கிறாள்! உன் அப்பாவைச் சந்தித்துப் பேச எனக்கு விருப்பம்” என்றார்.

மணி அடித்தது. எல்லோரும் வெளியே போனபிறகு சட்டைக் கையால் அந்த வளையத்தைத் தேய்த்தேன். நீல மை முழுக்கப் போகவில்லை. பெயரின் மெல்லிய நிழல் பலகையில் நின்றது.

அன்றிலிருந்து ஒரே யோசனைதான். மிஸ் ஹார்ப்பர் அதை யாரிடமாவது சொல்லியிருப்பார். அவர் அதை எழுதி வைத்திருப்பார். எழுதியது ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கும். அங்கே ஒருவர் எங்களுடைய கோவையைத் திறந்து பார்த்திருப்பார். வகுப்பில் கதவைத் தட்டும் ஒவ்வொருவரும் என்னைத்தான் கூப்பிட வருகிறார்கள் என்று நினைத்தேன். மிஸ் ஹார்ப்பர் அப்பாவைச் சந்திக்க ஒரு தாள் தந்துவிட்டார், அதை மடித்து மடித்துத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி ரயில் நிலையக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. மூன்றரைக்குப் பாடசாலையால் வந்து தபால் பெட்டியைத் திறந்தபோது, கங்காருவும் ஈமுவும் போட்ட அரசாங்க முத்திரையுடன், நீள வெள்ளை உறையில் அப்பாவின் பெயர். அது கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொல்ல வந்த கடிதம் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை. வருடக்கணக்காக நாங்கள் காத்திருந்ததே இதே மாதிரியான உறைக்குத்தான் என்பது அந்த நேரம் மூளையில் ஏறவேயில்லை. அப்பா ஐந்து மணிக்கு வருவார். படுக்கையின் கீழ், அலுமாரிக்குப் பின், அரிசி வாளிக்குள் என்று வீட்டில் எங்கே ஒளித்தாலும் அவர் கை படும். மேசையில் கல்லறை காய்ந்துகொண்டிருந்தது. துட்டன்காமுன் படுத்திருந்த அறையின் மட்டைத் தரையைக் கத்தியால் நெம்பித் தூக்கி, உறையை இரண்டாக மடித்து அதன் கீழே வைத்து, பசை பூசித் தரையை மறுபடியும் ஒட்டினேன். மேலே தங்கநிறம் இன்னொரு தடவை அடித்தேன்.

“கடிதம் ஏதும் வந்ததோ?”

“இல்லையப்பா.”

நான் அப்பாவுக்குச் சொன்ன முதல் பெரிய பொய் அது. சொன்னபிறகு அவர் முகத்தைப் பார்க்கமுடியாமல், பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கல்லறையைப் பாடசாலையில் ஒப்படைக்கவேண்டியிருந்தது. அப்பாவின் கண்ணில் படாமல் போனது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, மிஸ் ஹார்ப்பர் அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, மிகத் திறமான வேலை என்று சொல்லி, நூலகத்தின் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டும்வரை. அந்த வெள்ளிக்கிழமையோடு தவணை முடிந்து இரண்டு கிழமை விடுமுறை தொடங்கியது. பாடசாலையின் இரும்புக் கேற்றைச் சங்கிலியால் பூட்டிவிட்டார்கள்.

விடுமுறையில் அப்பா வேலைக்குப் போனபிறகு வீட்டில் நானும், நூலகத்திலிருந்து எடுத்துவந்த எகிப்துப் புத்தகமும்தான். செத்தவர்களை விசாரிக்கும் மண்டபம் ஒன்றைப் பற்றி அதில் இருந்தது. நாற்பத்திரண்டு தேவர்கள் வரிசையாக இருப்பார்களாம். செத்தவன் ஒவ்வொருவருக்கும் முன் நின்று, களவெடுக்கவில்லை, பொய் சொல்லவில்லை, பிறரை அழவைக்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டுமாம். பிறகு அவனுடைய இதயத்தை ஒரு தட்டிலும் சத்தியத்தின் இறகை மறுதட்டிலும் வைத்து நிறுப்பார்கள். இதயம் பாரமாக இருந்தால், முதலைத் தலையும் சிங்க உடலும் நீர்யானைப் பின்பக்கமும் கொண்ட ஒரு பிராணி அதை அங்கேயே தின்றுவிடும். அரசனானாலும் இதற்குத் தப்ப முடியாது. மாலையில் அப்பா ஒரு பழைய கொப்பியைத் திறந்துவைத்துக்கொண்டு, ஊரில் தன்னை எந்த ஆண்டு எந்த மாதம் எங்கே பிடித்தார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள், யார் வெளியே எடுத்தது என்று தனக்குத்தானே ஒப்புவிப்பார். தீர்ப்பாயத்தில் ஒரு திகதி மாறினாலும் முழுவதையும் பொய் என்று சொல்லிவிடுவார்களாம். அந்தக் குரல் அறைக்குள் கேட்கும்போது புத்தகத்திலிருந்த அந்தப் பிராணியின் படத்தை நான் கையால் மூடிக்கொள்வேன்.

இரண்டாம் கிழமையில் கீழ்வீட்டுச் சாந்தி அன்ரி வந்தார். முதியோர் இல்லத்தில் வேலைசெய்பவர். அவருடைய குடும்பமும் எங்களைப்போலவே வழக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்தது. வாசலில் நின்றபடியே, “அண்ணை, உங்களுக்கும் வந்திட்டுதுதானே?” என்றார்.

“என்ன?”

“விசாரணைத் திகதி. எங்களோடை போட்ட எல்லாருக்கும் வந்திட்டுதே. இந்த மாதமும் அடுத்த மாதமும்.”

அப்பா கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “எங்களுக்கு வரேல்லை.”

“ஐயோ, அப்ப உடனை போன் அடிச்சுக் கேளுங்கோ. அண்டைக்குப் போகாட்டில் ஆள் இல்லாமலே முடிவெடுத்திடுவினம்.”

“கேக்கப்போய் ஃபைலைத் தூக்கிப் பாப்பினம், பிறகு இல்லாத பிரச்சினையெல்லாம் வரும். கொஞ்சம் பாப்பம்,” என்றார் அப்பா. அன்ரி விடவில்லை, அன்று வெள்ளிக்கிழமை மாலை, அலுவலகம் பூட்டியிருக்கும், திங்கள் வேலையால் வந்ததும் தானே பேசித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். நான் ஒளித்தது திருப்பி அனுப்புகிற கடிதமாக இல்லாமல், அம்மாவைக் கொண்டுவரக்கூடிய கடிதமாக இருந்தால்? எந்தத் திகதி போட்டிருக்கும்? அது முடிந்துவிட்டிருந்தால்? சனிக்கிழமை காலை ஒரு சாட்டுச் சொல்லிவிட்டுப் பாடசாலைவரை நடந்தேன். கேற்றின் இடைவெளியால் நூலகத்தின் யன்னல் தெரிந்தது. திரைச்சீலை இழுத்து மூடியிருந்தார்கள். சங்கிலியை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன், குளிர்ந்து விரலில் ஒட்டியது. ஞாயிற்றுக்கிழமை அன்ரியின் காரில் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைக்கு ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டபோது அப்பா “கௌசல்யா, பூரட்டாதி” என்றார். இப்படியொரு பொய்க்காரிக்கு எந்தப் பெயரில் அர்ச்சனை செய்தாலும் பலன் வருமா என்று நினைத்து நான் அழுதேன். பக்தியில் அழுகிறாள் என்று நினைத்து அன்ரி என் தலையைத் தடவினார்.

திங்கள் காலை முதல் மணிக்கு முன்பே நூலகத்தில் நின்றேன். கல்லறையில் ஒரு சுவர் கழன்றுவிட்டதாகச் சொல்லி, அதைச் சரிசெய்யவேண்டும் என்று பெட்டியைக் கேட்டு வாங்கினேன். கழிப்பறைக்குள் பூட்டிக்கொண்டு, அரசனைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, தங்கநிறத் தரையை நகத்தால் கிழித்தேன். உறையின் ஒரு மூலையில் பசை ஊறியிருந்தது. திறந்தேன். பன்னிரண்டு வயதுக்குப் புரிகிற ஆங்கிலம்தான். விசாரணைக்கு வரும்படி அழைப்பு. வேறு பெயரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. திகதி அந்த வியாழக்கிழமை, காலை பத்து மணி.

வயிற்றுக்குள் குத்துகிறது என்று பாடசாலை அலுவலகத்தில் சொன்னேன், அது பொய்யுமல்ல. அப்பாவைக் கூப்பிட்டார்கள். பண்டகசாலையின் செம்மஞ்சள் மேலங்கியோடு ஓடிவந்து, பாடசாலை வாசலில் வைத்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நான் கடிதத்தை நீட்டினேன்.

“இது எங்கை இருந்தது?”

“பெட்டிக்குள்ளை.”

“எந்தப் பெட்டி?”

“துட்டன்காமுன்ரை.”

அவர் திகதியை விரலால் தொட்டு, இரண்டுதரம் வாசித்தார். கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் நின்றார். பிறகு “வா” என்றார்.

மூன்று நாளில் செய்யக்கூடியதைச் செய்தார்கள். ஊரிலிருந்து வரவேண்டிய வைத்தியரின் கடிதமும், அப்பாவைத் தடுத்துவைத்திருந்ததற்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒருவரின் சத்தியக் கடதாசியும் வந்துசேரக் குறைந்தது இரண்டு கிழமை வேண்டும். இருந்ததை மட்டும் சாந்தி அன்ரி ஒரு பிளாஸ்ரிக் கோவையில் அடுக்கித் தந்தார். எப்படிப் பிந்தியது என்று அவர் கேட்டபோது, “தபாலிலை ஏதோ பிழை” என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

விண்ணப்பத்தில் என்னுடைய பெயரும் இருந்தபடியால் வியாழக்கிழமை நானும் போனேன், பாடசாலைச் சீருடையில். நகரத்தில் ஓர் உயரமான கட்டடம், கம்பளம் விரித்த சிறிய அறை. மேசையின் தலைப்பக்கத்தில் நரைத்த கூந்தலை இறுக்கிக் கட்டிய ஓர் அம்மையார், அவர்தான் முடிவெடுப்பவர். அப்பாவுக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளராக ஒரு தமிழ்நாட்டுப் பெண். அப்பா கொப்பியில் இருந்தபடியே சரியாகத் திகதிகளைச் சொன்னார். ஆனால் அவருடைய வலது முழங்கால் மேசைக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது எனக்கு மட்டும் தெரிந்தது. பிறகு அந்த அம்மையார் கேட்டார்: இந்த விவரங்களுக்கு ஆதாரம் எங்கே? அழைப்பு அனுப்பிப் பல நாளாயிற்றே, ஏன் எதையும் முன்கூட்டி அனுப்பவில்லை?

“கடிதம் கைக்குக் கிடைக்கப் பிந்திப்போச்சு,” என்றார் அப்பா.

ஏன் என்று அம்மையார் கேட்டார். அப்பா பிளாஸ்ரிக் கோவையை மேசை விளிம்போடு நேராக வைத்தார். இவர் பொய் சொல்கிறார் என்று அந்த அம்மையார் நினைப்பது அவருடைய பேனா நின்ற விதத்திலேயே தெரிந்தது. நான் எழும்பி நின்றேன். எழும்பத் தேவையில்லை, ஆனால் வகுப்பில் அப்படித்தானே. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன்: பார்வோன், பெயர் வளையம், பலகை, கடிதம், பெட்டி, டிலானி என்ற பெயர். “அப்பா பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான்” என்றேன்.

நான் முடித்தபிறகு அந்த மொழிபெயர்ப்பாளர் அப்பாவின் பக்கம் திரும்பினார். மற்றவர் சொல்வதைத் தானே சொல்வதுபோலச் சொல்லவேண்டும் என்பது அவர்களுடைய முறை. “நான்தான் லெட்டரை ஒளிச்சு வெச்சேன்,” என்று அவர் மெல்லிய குரலில் தொடங்கினார். “நான் ஸ்கூல்ல அந்தப் பேரைச் சொல்லிட்டேன். அதனாலதான் நம்மளைத் திருப்பி அனுப்பப் போறாங்கன்னு நெனச்சேன். அப்பா கேட்டப்போ லெட்டர் வரலன்னு சொன்னேன்.” என்னுடைய குற்றம் முழுவதையும் அப்பா ஒரு அந்நியப் பெண்ணின் வாயால், எங்களுடையதல்லாத பேச்சில் கேட்டார். கேட்கக் கேட்க அவருடைய முழங்கால் நின்றுவிட்டது.

அந்த அம்மையார் பேனாவை வைத்தார். தடித்த கோவையின் முதல் பக்கத்துக்கு வந்து, அதை என் பக்கமாகத் திருப்பித் தள்ளினார். பெயர் என்ற இடத்தில் கௌசல்யா. அதற்குக் கீழே, வேறு பெயர்கள் என்ற இடத்தில் டிலானி. அப்பாவின் இரண்டு பெயர்களும் அப்படியே. “நீங்கள் வந்திறங்கிய அன்றைக்கே உன் அப்பா இதைச் சொல்லிவிட்டார்,” என்றார். “இது ஒருநாளும் இரகசியமாக இருந்ததில்லை.”

ஆதாரங்களை அனுப்ப அவர் நான்கு கிழமை தந்தார்.

வெளியே வந்து ரயில் ஏறினோம். அப்பா என் எதிரே இருந்து, என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு வந்தார். பாதி வழியில், “எவ்வளவு நாளாய்ப் பயந்துகொண்டிருந்தனி? ஒரு மாதமோ?” என்றார்.

“ஓம்.”

“ஒரு மாதமும் தனியவோ?”

நான் தலையாட்டினேன். அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டண்டினொங் வரும்வரை திரும்பவில்லை.

வைத்தியரின் கடிதமும் சத்தியக் கடதாசியும் வந்துசேர்ந்தன. குளிர் விட்டுப் பூக்கள் வந்த பருவத்தில் முடிவும் வந்தது; எங்களை ஏற்றுக்கொண்டார்கள். அம்மாவும் தம்பியும் வர மேலும் இரண்டு வருடம் எடுத்தது. விமான நிலையத்தில் தம்பி அப்பாவை ‘அங்கிள்’ என்று கூப்பிட்டதும், அப்பா அதற்கும் “ஓம்” என்றதும் தனிக்கதை.

இப்போது அந்தப் பாடசாலை அங்கே இல்லை. நிலத்தில் அடுக்குவீடுகள் எழும்பிவிட்டன. நூலகம் எந்த இடத்தில் நின்றது என்று போனமுறை போனபோது எனக்கே மட்டுப்பிடிக்க முடியவில்லை. மிஸ் ஹார்ப்பர் மேற்குப் பக்கம் எங்கோ மாறிப்போனதாகக் கேள்வி. சாந்தி அன்ரியின் குடும்பம் வழக்கு வென்று சிட்னிக்குப் போய் செவன் ஹில்ஸில் வீடு வாங்கி இருக்கிறது. சப்பாத்துப் பெட்டிக் கல்லறையை, அம்மா வந்த முதல் கிழமை வீடு துப்புரவாக்கும்போது, தரை கிழிந்த பழைய பெட்டி என்று வெளியே எறிந்துவிட்டார். அப்பாவின் திகதிக் கொப்பியும் ஏதோ ஒரு வீடு மாற்றத்தில் தொலைந்துபோனது. கேட்டால், எந்த ஆண்டில் எது நடந்தது என்று இப்போது அவருக்கே சரியாகச் சொல்ல முடிவதில்லை. மறதி அவருக்குக் கிடைத்த நல்ல பரிசு என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் இந்த நாட்டில் எந்தப் படிவத்தை நிரப்பினாலும், வேலைக்கோ கடவுச்சீட்டுக்கோ பொலிஸ் அத்தாட்சிக்கோ, வேறு பெயர்களால் நீங்கள் அறியப்பட்டதுண்டா என்று ஒரு கேள்வி இருக்கும். முப்பது வயது தாண்டியும் அந்த இடத்தில் என் கை நின்றுவிடுகிறது. போன மாதம் அப்பா வீட்டில் இருந்து அப்படியொரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது, இத்தனை வருடமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

“அப்பா, அவைக்குத் தெரியும் எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை? நாலு வருசம் சொல்லேல்லையே.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மறைத்தேன் என்றோ, உன் நன்மைக்கு என்றோ சொல்வார் என எதிர்பார்த்தேன்.

“நான் அந்தப் பேரை எயார்போட்டிலேயே இறக்கி வைச்சிட்டு வந்திட்டன் பிள்ளை,” என்றார். “நீ அதைத் தூக்கிக்கொண்டு வந்தது எனக்குத் தெரியாது.”

பிறகு, தேத்தண்ணி ஆறுது, குடி என்றார்.